கப்பலுக்கு அயன் பெட்டி கொண்டுபோக முடியாது: அப்பாவின் வேட்டியும் அம்மாவின் சேலையும் கசங்காமல் இருக்க என்ன வழி?

கல்லடி மகள்
ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். அப்பா அம்மாவின் அறுபதாம் கலியாணத்துக்காகத் தம்பி கனடாவிலிருந்து ஒரு கப்பல் பயணம் பதிவு செய்திருக்கிறான். சிங்கப்பூரில் ஏறி, நான்கு இரவு கடலில் இருந்துவிட்டு, மறுபடி சிங்கப்பூரில் இறங்குவது. துணைக்கு நான் போகிறேன்.

கப்பல் கொம்பனி அனுப்பிய பத்திரத்தில் கொண்டுவரக்கூடாத சாமான்களின் பட்டியல் இருந்தது. அயன் பெட்டி, நீராவியால் சுருக்கம் எடுக்கும் கருவி இரண்டும் கூடாதாம். அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்படியென்றால் நீங்கள் இரண்டு பேரும் போய் வாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. இந்த வருடம்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அத்தனை வருடமும் விடிய ஐந்து மணிக்கு எழும்பித் தன் சேட்டைத் தானே அயன் பண்ணிப் போட்டவர். கோயிலுக்கு வேட்டி, வேறு இடத்துக்கு வெள்ளைச் சேட்டும் நீளக் காற்சட்டையும், எல்லாம் பருத்தி. கசங்கிய சேட்டோடு அவர் படலை தாண்டி நான் பார்த்ததில்லை. அம்மா மருதமுனைக் கைத்தறிச் சேலைகள்தான் கட்டுவார். ஒரு இரவு எல்லோரும் நன்றாக உடுத்திக்கொண்டு போகும் விருந்து இருக்கிறதாம், அதற்குக் கலியாணப் பட்டு.

மட்டக்களப்பிலிருந்து இரவு ரயிலில் கொழும்பு, அங்கிருந்து கட்டுநாயக்கா, பிறகு விமானம், சிங்கப்பூரில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு இரவு. கப்பலில் ஏறும்போதே உடுப்பு இரண்டு நாளாகப் பெட்டிக்குள் கிடந்திருக்கும். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள். அப்பாவை எப்படியாவது கூட்டிக்கொண்டு போக வேண்டும்.


காரைதீவான்
ஞாயிறு, இரவு 10.05

அக்கா, சின்னதாக மடிக்கும் அயன் பெட்டி ஒன்று வாங்கித் துவாய்க்குள் சுற்றிப் பெட்டியின் அடியில் வையுங்கள். என் கூட்டாளி ஒருவர் அப்படித்தான் கொண்டுபோனார், ஒருவரும் கேட்கவில்லை.


பாசிக்குடா கடலோடி
ஞாயிறு, இரவு 11.20

தம்பி காரைதீவான், தயவுசெய்து இந்த யோசனையை ஒருவருக்கும் சொல்லாதீர்கள். நான் பயணிகள் கப்பல்களில் அறை பராமரிக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன். என்ன நடக்கும் என்று சொல்கிறேன்.

கப்பலில் ஏற்றும் ஒவ்வொரு பெட்டியும் விமான நிலையத்தில் போலவே ஸ்கேன் இயந்திரத்துக்குள் போகும். அயன் பெட்டியின் அடித்தகடு அதில் பளிச்சென்று தெரியும். மற்றவர்களின் பெட்டிகள் அறை வாசலுக்கு வந்துவிடும், உங்களுடையது வராது. கீழ்த்தளத்தில் பாதுகாப்புக்காரர்களிடம் போய் வரிசையில் நின்று, அவர்கள் முன்னால் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். சாமானை எடுத்து வைத்துக்கொண்டு கடைசி நாள்தான் தருவார்கள். இப்படிக் கூனிக்குறுகி நின்ற வயதானவர்களைப் பார்த்திருக்கிறேன். கல்லடி அக்காவின் அப்பாவுக்கு அது வேண்டாம்.

காரணம் தீ. கரையில் வீடு பற்றினால் வெளியே ஓடலாம், தீயணைப்பு வண்டி வரும். நடுக்கடலில் தீயணைப்புப் படையும் நாங்கள்தான், ஓட வேறு இடமும் இல்லை. 2006 மார்ச்சில் கரீபியன் கடலில் ஸ்டார் பிரின்சஸ் என்ற கப்பலில் விடியற்காலையில் ஒரு பால்கனி பற்றியது. அணையாத சிகரெட் துண்டு ஒன்றே காரணம் என்று கருதினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள் சேதமாகின, ஒரு பயணி இறந்துபோனார். ஒரு சிகரெட் துண்டுக்கே அது. படுக்கையில் துணியை விரித்துச் சூடான அயன் பெட்டியை வைத்துவிட்டு, சாப்பாட்டு அழைப்புக் கேட்டதும் எழும்பிப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கானோரில் ஒருவராவது இருப்பார். பால்கனியில் துணி காயப்போட வேண்டாம் என்பதும் அதே கவனத்தால்தான். காற்றில் பறந்து போவது வேறு.

அக்கா, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். காசுக்கு அயன் பண்ணித் தரும் வசதி அநேகமாக எல்லாக் கப்பலிலும் உண்டு, ஒரு உடுப்புக்கு இவ்வளவு என்று கணக்கு. பிரின்சஸ், கார்னிவல், குனார்ட் கொம்பனிகளின் கப்பல்கள் பலவற்றில் பயணிகள் தாங்களே துவைத்து அயன் பண்ணும் பொது அறைகள் இருக்கின்றன. ரோயல் கரீபியன் கப்பல்களில் அது இல்லை, கொடுத்துத்தான் செய்விக்க வேண்டும். உங்கள் கப்பலில் எப்படி என்று பதிவு செய்த முகவரிடம் முதலே கேளுங்கள்.

விருந்து இரவுக்கான உடுப்பை ஏறிய அன்றே கொடுத்துவிடுங்கள். விருந்தன்று காலையில் கொடுத்தால், உங்களைப் போலவே அன்று ஞாபகம் வந்த எல்லோருடைய உடுப்புக்கும் பின்னால் உங்களுடையது நிற்கும்.

இன்னொன்று. பெட்டிகள் அறைக்கு வரப் பின்னேரமோ இரவோ ஆகலாம். முதல் நாள் இரவு உடுப்பதை மட்டும் கையில் கொண்டுபோகும் பையில் வையுங்கள்.


கல்லடி மகள்
திங்கள், காலை 6.15

மிக்க நன்றி அண்ணா. இப்படி விளக்கமாக ஒருவரும் சொல்லவில்லை. அயன் பெட்டியைக் கட்டாயம் கொண்டுபோக மாட்டேன். உங்கள் பதிவை அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். தீ பற்றிய பகுதியைக் கேட்டதும் "சரி, அது நியாயம்" என்றார். ஆனால் வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை.


வாவிக்கரை ஆசிரியர்
திங்கள், பிற்பகல் 2.30

நான் இரசாயனவியல் படிப்பிக்கிறவன். துணி ஏன் கசங்குகிறது என்பது விளங்கினால் மற்றதெல்லாம் தானாக விளங்கும், ஆகவே கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள்.

பருத்தி நூல் முழுவதும் செலுலோசுச் சங்கிலிகள். பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளை ஐதரசன் பிணைப்புகள் கட்டி வைத்திருக்கின்றன. நீர் உள்ளே போனால் அந்தக் கட்டுகள் அவிழும், உலர்ந்தால் மறுபடி கட்டிக்கொள்ளும். எந்த வடிவத்தில் உலர்கிறதோ அந்த வடிவத்திலேயே கட்டிக்கொள்ளும், அதுதான் விஷயம். அயன் பண்ணும்போது ஈரமும் சூடும் சேர்ந்து கட்டுகளை அவிழ்க்கின்றன, பெட்டியின் பாரம் துணியைத் தட்டையாக்குகிறது, துணி தட்டையாகவே உலர்கிறது. பெட்டிக்குள் மடித்து வைத்த உடுப்பிலும் இதேதான் நடக்கிறது, ஆனால் மடிப்பின் வடிவத்தில்.

ஆகவே ஒரு துணி எவ்வளவு ஈரத்தை இழுக்கும் என்று பாருங்கள். 65 வீத ஈரப்பதமுள்ள காற்றில் 100 கிராம் உலர்ந்த பருத்தி ஏறக்குறைய 8 கிராம் நீரை இழுத்து வைத்திருக்கும். லினன் 12 கிராம். பொலியெஸ்டர் அரைக் கிராம்கூட இல்லை. பொலியெஸ்டர் ஏன் கசங்குவதில்லை என்பதற்கு இது பெரும்பகுதி விடை. (கம்பளி 16 கிராம் வரை இழுக்கும், ஆனாலும் அதன் மூலக்கூறுகள் சுருள்வில் போன்றவை, தொங்கவிட்டால் தானாக நிமிரும்.) நம் ஊரில் மாரி மழைக் காலத்தில் அலுமாரிக்குள் அடுக்கிய சேட்டுக்கூடக் கசங்கிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றிலிருக்கும் ஈரமே போதும்.

இதிலிருந்து வரும் ஒரு விஷயத்தைத்தான் அநேகம் பேர் தவறவிடுகிறார்கள். அயன் பண்ணிய கையோடு மடிக்காதீர்கள். துணி அப்போது சூடாகவும் இலேசான ஈரத்தோடும் இருக்கும். அந்த நிலையில் மடித்தால் மடிப்பைத்தான் அயன் பண்ணுகிறீர்கள். கொடியிலோ ஹேங்கரிலோ அரை மணி, மழைக்காலமென்றால் ஒரு மணி நேரம் தொங்கவிட்டு, நன்றாக ஆறி உலர்ந்த பிறகு மடித்து வையுங்கள்.


தேத்தாத்தீவு
திங்கள், பிற்பகல் 3.10

சேர், இத்தனை வருடமாக நான் அயன் பண்ணிய சூட்டோடுதான் மடிக்கிறேன். இன்றைக்குத்தான் காரணம் தெரிகிறது. நன்றி.


கல்முனைத் தையல்
திங்கள், இரவு 8.45

ஆசிரியர் சொன்னது சரி. கடையில் வந்து நிற்கிறவர்களுக்கு நான் சொல்வதைச் சேர்க்கிறேன்.

துணி வாங்கும்போது ஒரு மூலையைக் கைக்குள் இறுக்கிப் பொத்தி, பத்து வரை எண்ணிவிட்டு விடுங்கள். கோடுகள் அப்படியே நின்றால் அது பயணத்துக்கு ஆகாது. மெதுவாக விரிந்து கொடுத்தால் எடுக்கலாம். சேட்டுக்குப் பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்த துணி நல்லது. முழுப் பருத்திதான் வேண்டும் என்றால் வழுவழுப்பான மெல்லிய பொப்லினை விட, கொஞ்சம் தடித்த, சரிவரி தெரிகிற நெசவை எடுங்கள். சுருக்கம் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரிவது குறைவு. வெள்ளையில் நிழல் விழுந்து எல்லாம் தெரியும், நடு நிறத்தில் சின்னக் கட்டம் போட்டதில் தெரியாது.

சேட்டு மடிக்கும் விதம். ஒன்றுவிட்டு ஒன்று பட்டன் போடுங்கள், மேல் பட்டனைக் கட்டாயம் போடுங்கள். கழுத்துப் பட்டிக்குள் சுருட்டிய காலுறை ஒன்றை வைத்தால் பட்டி நசியாது. குப்புறப் போட்டு இரண்டு பக்கத்தையும் உள்ளே மடித்து, கீழிருந்து ஒரே ஒரு மடிப்பு. அந்த மடிப்புக்குள் சுருட்டிய சாரம் ஒன்றை வைத்தால் மடிப்பு கூராகாமல் வளைவாக நிற்கும். ஒவ்வொரு சேட்டையும் சலவைக் கடையில் தருகிற மெல்லிய பொலித்தீன் உறைக்குள் போட்டு வையுங்கள். துணியும் துணியும் உரசிப் பிடித்துக்கொள்வதாலேயே பாதிச் சுருக்கம் வருகிறது. பொலித்தீன் வழுக்கிக் கொடுக்கும், ஈரத்தையும் உள்ளே விடாது.

காற்றை உறிஞ்சி எடுக்கிற பைகள் வேண்டவே வேண்டாம். இடம் மிச்சமாகும், துணி அப்பளமாகிவிடும். பெட்டியில் வெற்றிடமும் இருக்கக் கூடாது. ரயிலில் பெட்டியை நிமிர்த்தி வைத்ததும் எல்லாம் கீழே சரிந்து விழும். மிச்ச இடத்தைத் துவாயால் அடையுங்கள்.


மருதமுனை தறி
செவ்வாய், காலை 10.20

கல்லடி ராத்தா, உங்கள் உம்மா எங்கள் ஊர்ச் சேலை கட்டுகிறவர் என்று வாசித்தது மனதுக்குச் சந்தோசம். எங்கள் வீட்டில் வாப்பாவின் காலத்திலிருந்து தறி.

புதுச் சேலையை அப்படியே பயணத்துக்கு எடுக்காதீர்கள். நெய்வதற்கு முன் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவோம், அந்த விறைப்பு புதுத் துணியில் இருக்கும். விறைப்பான துணி மடித்த இடத்தில் முறிந்த மாதிரி ஒரு கோடு எடுக்கும், அந்தக் கோடு இலேசில் போகாது. இரண்டு மூன்று தரம் துவைத்துப் பழகிய சேலையை எடுங்கள், அது உடம்போடும் நிற்கும். வீட்டில் சேலைக்கோ வேட்டிக்கோ கஞ்சி போடுகிற பழக்கம் இருந்தால் இந்த ஒரு பயணத்துக்கு விட்டுவிடுங்கள்.

புடவைக் கடைகளில் துணி சுற்றி வருகிற கடதாசி மட்டைக் குழாய் இருக்கிறதல்லவா, கேட்டால் சும்மா தருவார்கள். பெட்டியின் நீளத்துக்கு அதை வெட்டி, ஒரு பழைய வெள்ளைத் துணியைச் சுற்றிவிட்டு, சேலையை அகலத்தில் நான்காக மடித்து அதன்மேல் சுருட்டுங்கள். குழாய் ஒன்றில் இரண்டு சேலை. குறுக்கு மடிப்பே இருக்காது. பட்டுக்கும் இதுதான் நல்லது, சரிகை மடித்த இடத்தில்தான் வெடிக்கும்.

பட்டில் தண்ணீர் தெளிக்காதீர்கள், புள்ளி புள்ளியாக அடையாளம் விழும். ஊசி குத்தி வைத்தும் கொண்டுபோகாதீர்கள். பருத்திக்குப் பயமில்லை. தொங்கவிட்டு, உள்ளங்கையில் தண்ணீர் தொட்டு நீளவாக்கில் நீவி இழுத்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் கட்டலாம்.


ஏறாவூர் ராத்தா
செவ்வாய், மாலை 5.00

எல்லோரும் பொலியெஸ்டரைப் புகழ்கிறீர்கள். ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சிங்கப்பூரின் வெக்கை நம் சித்திரை வெயிலைப் போல, வேர்வை உலரவே மாட்டாது. வாழ்நாள் முழுக்கப் பருத்தி போட்ட மனிதருக்குப் பொலியெஸ்டர் சேட்டைப் போட்டுவிட்டால், கசங்காமல் இருக்கும், ஆனால் அவர் வேதனைப்படுவார். கப்பலுக்குள் குளிரூட்டி இருக்கும், அங்கே கலப்புத் துணி சரி. கரையில் இறங்கிச் சுற்றப் போகும்போது பருத்திதான். வெயிலில் நடக்கிறவரின் சேட்டில் சுருக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

நான் மகனிடம் போகும்போது அபாயாக்களைச் சுருட்டித்தான் கொண்டுபோவேன். நிடா, கிரேப் துணிகள் எப்படிச் சுருட்டினாலும் உதறிவிட்டால் நிமிர்ந்துவிடும். தலையில் போடுகிற முந்தானி பருத்தியென்றால்தான் கரைச்சல். அதற்கு மகள் காட்டித்தந்தது, தலைமயிர் நேராக்கும் கருவி. சேட்டின் கழுத்துப் பட்டி, பட்டன் வரிசை, கை ஓரம், இவ்வளவுக்கும்கூட நல்ல உதவி. எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, குறைந்த சூட்டில் பிடிக்க வேண்டும். இது கப்பலில் கூடுமா என்று கடலோடித் தம்பிதான் சொல்ல வேண்டும்.


பாசிக்குடா கடலோடி
செவ்வாய், இரவு 9.30

தலைமயிர்க் கருவி பெரும்பாலான கப்பல்களில் கூடும் ராத்தா. தானாக அணையும் வகையாக இருந்தால் நல்லது. உபயோகித்ததும் வயரைக் கழற்றி, குளியலறைக் கல்லின்மேல் ஆற விட வேண்டும், படுக்கையில் வைக்கக் கூடாது. கல்லடி அக்கா, உங்கள் கப்பலின் பட்டியலில் அது இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

காந்தக் கொக்கிகளைச் சொல்ல மறந்துவிட்டேன். அறைச் சுவர்கள் அநேகமாக உருக்குத் தகடு, மேலே ஒரு தாள் ஒட்டியிருக்கும். காந்தக் கொக்கி நன்றாகப் பிடிக்கும். அலுமாரிக்குள் திணிக்காமல் சேலையைச் சுவரோடு முழு நீளத்துக்குத் தொங்கவிடலாம். ஹேங்கர் போதாவிட்டால் அறைப் பையனிடம் கேளுங்கள், கொண்டுவந்து தருவார்.


ஆரையம்பதி லண்டன்
புதன், அதிகாலை 3.15

இங்கிருந்து சவுத்ஹம்டன் துறைமுகம் பக்கம் என்பதால் மூன்று தரம் கப்பலில் போயிருக்கிறோம். பெரும்பாலானோர் சொல்லும் ஒரு யோசனை எனக்குப் பலிக்கவில்லை. குளியலறையில் உடுப்பைத் தொங்கவிட்டுச் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டால் ஆவியில் சுருக்கம் போகும் என்பார்கள். வீட்டுக் குளியலறையில் போகலாம். கப்பல் குளியலறையில் காற்றை வெளியே இழுக்கும் விசிறி ஒரு நிமிடமும் நிற்பதில்லை, ஆவி சேரவே விடாது. அரை மணி நேரம் நல்ல தண்ணீரைக் கொட்டியதுதான் மிச்சம், சேட்டு அப்படியே இருந்தது. நம் ஊரில் கோடையில் கிணறு வற்றிப் பார்த்தவர்களுக்கு மனம் வராது.

பலித்தது விசிறுகிற போத்தல். ஒரு கப் தண்ணீருக்குத் துணி மென்மையாக்கும் திரவம் ஒரு தேக்கரண்டி. ஒரு முழம் தள்ளி நின்று புகைபோல விசிறி, துணியைக் கீழ்நோக்கி இழுத்து, கையால் நீவித் தொங்கவிட வேண்டும். காலையில் சரியாகிவிடும். அவசரமென்றால் அறையிலிருக்கும் தலை உலர்த்தியைக் குளிர்ந்த காற்றில் பிடிக்கலாம். கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேல் திரவம் விடமாட்டார்கள், போத்தலை வெறுமையாகக் கொண்டுபோய் அங்கே நிரப்புங்கள்.

குனார்டின் குயின் மேரி 2 கப்பலில் துவைக்கும் அறை இலவசம். விருந்து நாளில் மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள், அயன் பலகைக்கு நீண்ட வரிசை.


வாவிக்கரை ஆசிரியர்
புதன், காலை 7.00

லண்டன் தம்பி சொன்ன போத்தலில் வேலையின் பெரும்பகுதியைச் செய்வது வெறும் தண்ணீர்தான். நான் மேலே எழுதிய கட்டுகளை அது அவிழ்க்கிறது. மென்மையாக்கும் திரவம் நூல்களை வழுக்கச் செய்து நழுவி நிமிர உதவும். போத்தலில் வெறும் தண்ணீர் இருந்தாலும் பாதகமில்லை. இழுத்துத் தொங்கவிடுவதை மட்டும் தவறவிடக் கூடாது, பாரம் இல்லாமல் உலர்ந்தால் மறுபடி சுருங்கும்.


களுவாஞ்சிக்குடி
புதன், காலை 11.40

அயன் பெட்டி இல்லாத காலத்தில் என் அம்மம்மா பித்தளைச் செம்பில் கொதிதண்ணீர் ஊற்றி, பிடியைத் துணியால் சுற்றிக்கொண்டு எங்கள் பள்ளிக்கூட உடுப்பைத் தேய்த்துத் தருவார். சிரட்டைக் கரி போட்ட பெட்டி இருந்த வீடு எங்கள் ஒழுங்கையில் ஒன்றுதான், கலியாண வீடு என்றால் அங்கே இரவல் கேட்டுப் போவோம். கப்பலில் சுடுதண்ணீர் கிடைக்கும்தானே, உருக்குப் போத்தல் ஒன்றில் ஊற்றித் தேய்க்க முடியாதா?


வாவிக்கரை ஆசிரியர்
புதன், பிற்பகல் 1.15

முடியும் அம்மா. ஆனால் கணக்கைப் பாருங்கள். பருத்திக்கு அயன் பெட்டியின் சூடு 200 பாகை வரை போகும். சுடுதண்ணீர் 100 பாகையைத் தாண்டாது, போத்தலின் வெளிப்பக்கம் அதைவிடக் குறைவு. ஆகவே உலர்ந்த துணியில் பலிக்காது. இலேசாக ஈரமாக்கிய துணியில், உலரும்வரை மெதுவாகத் தேய்த்தால் பலிக்கும். உங்கள் அம்மம்மாவும் முதலில் தண்ணீர் தெளித்திருப்பார். ஒற்றைச் சுவர்ப் போத்தலாக இருக்க வேண்டும், சூட்டை உள்ளே வைத்திருக்கும் இரட்டைச் சுவர்ப் போத்தல் வெளியே சுடாது. ஆடும் கப்பலில் மூடியை இறுக்கி மூடுங்கள்.


கல்லடி மகள்
ஞாயிறு, மாலை 6.30

எல்லோருடைய பதிவையும் அச்செடுத்து வீட்டில் வைத்துவிட்டேன். பயணத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருப்பதால் ஒரு ஒத்திகை பார்த்தோம். அப்பா சொன்னதுதான், "வாயால் சொல்வதைவிடச் செய்து பார்" என்று.

வியாழக்கிழமை காலை பெட்டியில் ஐந்து உடுப்பு வைத்தேன். கஞ்சி போட்ட பருத்தி வேட்டி ஒன்று. கஞ்சி போடாத வேட்டி ஒன்று. வழக்கம்போல் சூட்டோடு மடித்த வெள்ளைச் சேட்டு ஒன்று. ஒரு மணி நேரம் கொடியில் ஆறவிட்டு, தையல்கார அண்ணா சொன்னபடி பொலித்தீன் உறையில் மடித்த வெள்ளைச் சேட்டு இன்னொன்று, இரண்டும் ஒரே துணி. மட்டைக் குழாயில் சுருட்டிய அம்மாவின் நீலக் கைத்தறிச் சேலை. பெட்டியைப் பூட்டி, சித்தியின் மகன் அதை இரண்டு தரம் மோட்டார் சைக்கிளில் வைத்துக் கல்லடிப் பாலம் தாண்டி ரவுணுக்குப் போய் வந்தான். ரயில் குலுக்கலுக்குப் பதிலாக அது. சனிக்கிழமை மாலை திறந்தோம்.

சூட்டோடு மடித்த சேட்டில் மார்புக்குக் குறுக்கே இரண்டு கோடு, கழுத்துப் பட்டி ஒருபக்கம் சாய்ந்து கிடந்தது. மற்றச் சேட்டில் இடுப்புக்குக் கீழே ஒரு மடிப்பின் தடம் மட்டும், அது காற்சட்டைக்குள் போய்விடும். ஒரே துணியில் இவ்வளவு வித்தியாசம் வரும் என்று நான் நினைக்கவில்லை. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. கஞ்சி போட்ட வேட்டி மருதமுனைத் தம்பி சொன்னது போலவே முறிந்த கோடுகளோடு வந்தது. கஞ்சி போடாதது முழுக்க மெல்லிய சுருக்கம், ஆனால் தண்ணீர் தொட்டு நீவித் தொங்கவிட்டதும் இரவுக்குள் முக்கால்வாசி போய்விட்டது. சேலையில் எதுவுமே இல்லை. அம்மா அதை அப்படியே உடுத்திக்கொண்டு மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் போய்வந்தார்.

இரவு சாப்பிடும்போது அப்பா கேட்டார், "கப்பலில் வேட்டி கட்ட விடுவார்களா?"

அப்படியென்றால் வருகிறார்.


பாசிக்குடா கடலோடி
ஞாயிறு, இரவு 8.10

தாராளமாகக் கட்டலாம் அக்கா. விருந்து இரவில் பல நாட்டவர்கள் தங்கள் ஊர் உடுப்பில்தான் வருவார்கள். வேட்டியும் சட்டையும் சால்வையுமாக வந்த பெரியவர்களுக்குக் கதவு திறந்து விட்டிருக்கிறேன்.

மிச்சமிருக்கும் கால்வாசிச் சுருக்கத்துக்கு ஒரு பழைய வழி. வேட்டியை இலேசாக ஈரம் தொட்டு மடித்து, உலர்ந்த இரண்டு துவாய்க்கு நடுவில் வைத்து, மெத்தைக்கு அடியில் தட்டையாகப் பரப்பிவிட்டுப் படுங்கள். விடிய நன்றாகத்தான் இருக்கும். அறைப் பையனிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், படுக்கை மாற்றும்போது அழுக்குத் துணியோடு சேர்த்து அள்ளிவிடாமல்.


கல்லடி மகள்
வெள்ளி, இரவு 10.00

ஆறு கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். போய்வந்துவிட்டோம். நடந்ததைச் சொல்லாமல் விட மனமில்லை.

ஏறிய அன்று பெட்டிகள் அறைக்கு வர இரவு எட்டு மணி தாண்டிவிட்டது. கைப்பையில் அன்றைய உடுப்பு இருந்ததால் நாங்கள் ஏழு மணிக்கே சாப்பிடப் போனோம். பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் விமானத்தில் வந்த உடுப்போடே இருந்தார்கள், பாவம்.

அப்பாவின் சேட்டு ஒன்றை மட்டும் காசு கொடுத்து அயன் பண்ணக் கொடுத்தேன். ஏறிய அன்றே கொடுத்தும் அது விருந்து முடிந்த பிறகுதான் வந்தது. அதனால் விருந்துக்கு மெத்தைக்கு அடியில் வைத்த வேட்டிதான். அப்பா விடிய ஐந்து மணிக்கே எழும்பி, மெத்தையைத் தானே தூக்கி எடுத்துப் பார்த்தார். கரைப் பக்கம் கொஞ்சம் நெளிவு இருந்தது. சேட்டின் கழுத்துப் பட்டியை நான் தலைமயிர்க் கருவியால் பிடித்துக் கொடுத்தேன், அது நல்ல விறைப்பாக வந்தது.

அம்மாவின் பட்டைக் குழாயிலிருந்து அவிழ்த்துக் காந்தக் கொக்கியில் இரண்டு மணி நேரம் தொங்கவிட்டோம். இருபத்தெட்டு வருடத்துக்கு முந்திய சேலை, சரிகை ஒரு இடத்திலும் வெடிக்கவில்லை. பிளவுஸைத்தான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். அதைச் சும்மா மடித்து ஓரத்தில் செருகியதால் கை முழுக்கச் சுருக்கம், சால்வையால் மூடிச் சமாளித்தோம். போகிறவர்கள் பிளவுஸையும் பொலித்தீன் உறையில் போடுங்கள்.

ஏறாவூர் ராத்தா, நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. கரையில் இறங்கிய நாள் கலப்புத் துணிச் சேட்டில் அப்பா ஒரு மணி நேரம்தான் தாங்கினார். அறைக்கு வந்து பருத்திக்கு மாறிவிட்டுத்தான் திரும்ப இறங்கினார். அது கசங்கித்தான் இருந்தது, அவர் ஒன்றும் சொல்லவில்லை.

விருந்தில் படம் எடுக்கிறவர் இரண்டு பேரையும் படிக்கட்டில் நிறுத்தி எடுத்த படம் இப்போது முன்னறையில் தொங்குகிறது.

காந்தக் கொக்கிகள் ஆறு வீட்டில் சும்மா கிடக்கின்றன. மட்டைக் குழாயும் இருக்கிறது. யாராவது பயணம் போகிறவர்கள் இருந்தால் கல்லடியில் வந்து எடுத்துக்கொள்ளலாம்.


கல்முனைத் தையல்
சனி, காலை 8.20

தங்கச்சி, எங்கள் வீட்டில் மாமியார் மார்கழியில் மகளிடம் போகிறார், அவர்களும் கப்பலில் போகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை மட்டக்களப்புக்கு வருகிறேன், கொக்கிகளை எடுத்து வையுங்கள். அப்பாவின் சேட்டு ஒன்றையும் அளவுக்குத் தந்துவிடுங்கள். மெல்லிய கட்டம் போட்ட பருத்தி ஒன்று கடைக்கு வந்திருக்கிறது, கைக்குள் பொத்திப் பார்த்தேன், நன்றாக விரிந்து கொடுக்கிறது.